இன்னொரு வண்டியின் கவசம்

அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் பாதையில் மோட்டார் வண்டி செலுத்துபவனுக்குக் கண்ணைக் காட்டிலும் காதே துணை. நண்பகல் கடந்ததும் தென்புறத்துப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து வந்து, தேயிலைச் சரிவையும் தார்ப்பாதையையும் ஒன்றாக்கிவிடும். வளைவுக்கு அப்பால் மரக்கறி ஏற்றிய லொறி வருகின்றதா, மாணவரை ஏற்றிய பஸ் வண்டி வருகின்றதா என்பதைப் பார்த்தறிய இயலாது. கேட்டே அறிதல் வேண்டும். ஆதலால் அங்கு ஹோர்ன் ஒலி என்பது நகரத்தில் உள்ளது போலப் பொறுமையின்மையின் அடையாளமன்று. 'நான் இங்கிருக்கின்றேன்' என்று ஒருவன் மற்றவனுக்கு உரைக்கும் மரியாதை அது.

அத்தகைய பாதையில் ஒரு நாள் என் நண்பருடைய காரின் ஹோர்ன் ஊமையாகிவிட்டது.

நண்பர் அப்புத்தளையில் நெடுங்காலம் விஞ்ஞான ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர். சேவை முடிவிற் கிடைத்த பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு சிறிய ஜப்பானியக் காரொன்றை வாங்கியிருந்தார். இந்நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் கதவு திறந்தது. அவ்விடைக்காலத்தில் பழைய கார் என்ற ஒன்றே இல்லாமற் போயிற்று எனலாம். பழையதே புதியதன் விலைக்கு விற்றது. நண்பர் வாங்கியது அந்தக் காலத்தில். வர்ணம் பளபளத்தது. உள்ளே வாசனைத் திரவியம் மணத்தது. சாவியைத் திருப்பினால், முன்பலகையிற் காற்றுப்பைக்குரிய சிவப்பு விளக்கு ஆறேழு விநாடி எரிந்து ஒழுங்காக அணைந்தது. விஞ்ஞானம் கற்பித்தவராதலால் அதையும் கவனித்தே வாங்கினார்.

ஹோர்னைப் பழுதுபார்க்கப் பண்டாரவளையிலுள்ள கராஜ் ஒன்றுக்குப் போனபோது நானும் உடன் சென்றேன். அங்குள்ள மெக்கானிக் ஒரு காலத்தில் நண்பரிடம் படித்த இளைஞன். பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் கைகட்டி நின்றான். "ஏன் தம்பி நிற்கிறாய்?" என்றேன். "எயார்பேக் பெட்டியில் கொஞ்சம் மின்சாரம் மிஞ்சியிருக்கும் சேர். அது வடியட்டும்" என்றான். பின்னர்ச் சுக்கானின் நடுமூடியைக் கழற்றினான். கழற்றியவன் பேசவில்லை, மூடியைத் திருப்பி நண்பரிடம் காட்டினான்.

உள்ளே ஒன்றுமில்லை. காற்றுப்பை மடிந்திருக்க வேண்டிய இடம் வெறுங்குழி. எப்போதோ நேர்ந்த மோதலில் பை விரிந்து மூடி கிழிந்திருக்கின்றது. கிழிந்ததை ஒட்டி, வர்ணம் பூசி, மீண்டும் பொருத்தியிருந்தார்கள். மஞ்சள் நிற இணைப்பின் நுனியில் அரிசியளவான மின்தடையொன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. காற்றுப்பையின் எரியூட்டிக்கு ஏறத்தாழ இரண்டு ஓம் தடை உண்டு. அதே தடையை அவ்விடத்தில் மாட்டிவிட்டால், காரிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி 'பை இருக்கின்றது' என்று நம்பி விளக்கை அணைத்துவிடும். இடப்பக்கத்து முன்னாசனத்துக்கு எதிரேயும் இதே வேலைதான். ஒட்டிய மூடியில் ஹோர்னின் தொடுகை சரியாகப் பதியாமையினாலேதான் ஒலி நின்றுபோனது. அது நின்றிராவிட்டால் இந்தப் பொய் வெளிப்பட்டிருக்கவே மாட்டாது.

நண்பர் அந்த மின்தடையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஓமின் விதியை எத்தனை வகுப்புக்குக் கற்பித்திருப்பேன்!" என்று மட்டும் சொன்னார். அவருடைய மனைவியார் மூன்று ஆண்டுகளாக அமர்ந்து வந்தது அந்த இடப்பக்கத்து ஆசனத்தில்.

புதிய காற்றுப்பைகள் இரண்டின் விலையைக் கேட்டறிந்தபோது, ஓய்வூதியக்காரர் ஒருவர் அதைப் பலமுறை கூட்டிப் பார்ப்பார் என்பது விளங்கிற்று. "கொழும்பில் பாவித்தது கிடைக்கும்" என்று சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மெக்கானிக் மட்டும் சொல்லவில்லை. காரின் செசி இலக்கத்தையும், தகட்டிலுள்ள மாதிரிக் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "இதைப் பார்க்காமல் ஒன்றும் வாங்காதீர்கள் சேர்" என்றான்.

மறுவாரம் நாங்கள் ஹல்துமுல்லை, பெலிஹுல் ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி வழியே கொழும்புக்கு இறங்கினோம். வழிநெடுக நண்பர் காற்றுப்பையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜோன் ஹெட்ரிக் என்பவர் 1952 ஆம் ஆண்டு வசந்தகாலத்து ஞாயிறொன்றில் மனைவியையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு காரில் உலாவச் சென்றார். பாதையிற் கிடந்த பாறையொன்றைக் கண்டு சடுதியாகக் காரைத் திருப்பி, பிரேக்கை மிதித்தார். மூவரும் உயிர் தப்பினர். ஆனால் அந்தக் கணத்தில் கணவனும் மனைவியும் தம்மையறியாமலே கையை நீட்டிக் குழந்தையின் முன்னே தடுத்திருந்தார்கள். தாய் தந்தையரின் கை செய்யத் துணிவதைச் செய்து முடிக்கத்தக்க பொருளொன்று காரிலேயே இருக்கலாகாதா என்று வீடு திரும்பியதும் வரையத் தொடங்கினார் ஹெட்ரிக். 1953 ஆகஸ்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கார்க் கம்பெனிகள் அன்று அதைப் பொருட்படுத்தவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே காற்றுப்பை ஊரெங்கும் பரவியது. அவருக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை. கண்டுபிடித்தவன் ஏழையாகவே இருப்பது எங்கள் புலவர் மரபுக்கு மட்டும் உரியதன்று போலும்.

பையின் வேலை விந்தையானது. கார் எதிரே மோதியதும் உணர்கருவி அதனை அறிந்து எரியூட்டிக்கு மின்சாரத்தைச் செலுத்தும். இரசாயனப் பொருள் எரிந்து வாயுவாகிப் பையை நிரப்பும். இவையெல்லாம் நிகழ்ந்து முடிவதற்கு ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஐம்பது கூறளவு போதும். கண்ணிமைப்பதற்கு அதனினும் மிகுதியான நேரம் வேண்டும். முகம் வந்து சாயும்போது பின்புறத் துளைகளால் வாயு வெளியேறிப் பை தணிந்து கொடுக்கும். முன்புறக் காற்றுப்பைகளால் 1987 முதல் 2017 வரை அமெரிக்காவில் மாத்திரம் 50,000 க்கு மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டன என்று அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிருவாகம் கணக்கிட்டுள்ளது.

ஆயினும் அதனிடத்தில் ஒரு சங்கடம் உண்டு. விளக்கை ஏற்றிப் பார்த்து வாங்கலாம். டயரைத் தட்டிப் பார்த்து வாங்கலாம். எஞ்சினை ஓட்டிக் கேட்டு வாங்கலாம். காற்றுப்பை ஒரே முறை விரிவது. சோதித்துப் பார்த்த கணத்திலேயே அது இல்லாமற் போய்விடும். பாவித்த பொருள் என்று அதைச் சொல்வதுகூடப் பொருந்தாது. பாவிக்கப்படாமல் இருந்தது என்பதே அதன் தகுதி.

பஞ்சிகாவத்தையை அறியாத மோட்டார்க்காரர் இலங்கையில் இரார். கொழும்பின் அப்பகுதியில் உதிரிப்பாகக் கடைகள் தெருத்தெருவாக நிற்கின்றன. கதவுகள் அடுக்கிய சுவர்கள், முன்விளக்குகள் தொங்கும் கூரைகள், எண்ணெய் மணக்கும் நடைபாதை. நூலகத்திற் புகுந்த மாணவனைப் போல நண்பர் மகிழ்ந்து நின்றார்.

முதலில் நுழைந்த கடையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பையன் ஒருவன் பலகையடியிலிருந்து நான்கைந்து காற்றுப்பைகளைத் தூக்கி வந்து, மூடி கீழாக ஒன்றன்மேலொன்றாகப் போட்டான். அது வெடிக்க நேர்ந்தால் பெட்டி முழுவதும் மேலே பாய்ந்து எதிரே நிற்பவனைத் தாக்கும். ஆகவே மூடி எப்போதும் மேல்நோக்கியே இருத்தல் வேண்டும். "எல்லாம் ஒரே மாதிரிதான் சேர். கார் பெயர் ஒன்றாக இருந்தால் பொருந்தும்" என்றான். பின்புறத்துச் சிட்டை கிழிக்கப்பட்டிருந்தது. "நல்லதா என்று மீற்றர் வைத்துக் காட்டட்டுமா?" என்று கேட்டுக் கம்பிகளை எடுத்தான். நண்பர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சாதாரண மின்மானியின் சிறு மின்னோட்டமே எரியூட்டியைக் கிளப்பிவிடக் கூடும்.

'ஒரே மாதிரி' என்ற அந்த வார்த்தையைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். கர்ணனுடைய கவசம் அவனோடு உடன்பிறந்தது என்று கதையிற் படிக்கின்றோம். காற்றுப்பையும் காருடன் பிறந்ததே. ஒரே பெயரோடு ஒரு கார் பத்துப் பதினைந்து ஆண்டுகள் விற்கப்படும். அதற்குள் அதன் உடலமைப்பு இருமுறை மும்முறை மாறிவிடும். உதாரணமாக, விட்ஸ் என்ற பெயரில் ஓடுகின்ற கார்களை எடுத்துக்கொள்வோம். 1999 இல் வெளிவந்ததும், 2005 இல் வெளிவந்ததும், 2010 இன் இறுதியில் வெளிவந்ததும் பெயரளவிலேயே சகோதரர்கள். பெயரை விடுத்து, தகட்டிலுள்ள மாதிரிக் குறியீட்டையும் உற்பத்தி ஆண்டையும் பார்க்க வேண்டும். அதற்கும் மேலாகப் பையின் பின்னேயுள்ள உதிரிப்பாக இலக்கம் ஒத்திருக்க வேண்டும். டொயோட்டா கார்களில் அவ்விலக்கத்தின் முதல் ஐந்து எண்கள் பொருளின் வகையையும், அடுத்த ஐந்தும் எந்த மாதிரிக்கு உரியது என்பதையும், இறுதியில் வரும் குறி நிறத்தையும் காட்டும். சாரதியின் காற்றுப்பைக்கு அவர்களுடைய பட்டியலில் உள்ள பெயர் என்ன தெரியுமா? 'ஹோர்ன் பொத்தான்'. நண்பருடைய கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் சூட்டியிருக்க முடியாது.

குழியில் அழகாக அமர்ந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று கொள்ளலாகாது. சில பைகளுக்கு ஓர் எரியூட்டி. சிலவற்றுக்கு இரண்டு, மெல்லிய மோதலுக்கு ஒன்றும் கடுமையான மோதலுக்கு இரண்டுமாக. ஒன்றுக்குரிய இடத்தில் மற்றதை வைத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி குழம்பும். முன்னாசனப் பையில் இடப்பக்கத்துக்கு உரியதும் வலப்பக்கத்துக்கு உரியதும் வெவ்வேறு. சுக்கானைத் திருப்பும்போதெல்லாம் கம்பி அறாமல் சுருண்டு விரியும் நாடாச்சுருள் ஒன்று உண்டு. மோதலில் அதுவும் கருகியிருக்கலாம். மோதலைப் பதிவுசெய்துகொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டியும், ஆசனப்பட்டியை இறுக்கும் பொறியும் மாற்றப்பட வேண்டியிருக்கலாம். பையை மட்டும் வாங்கியவன் பாதிக் கவசத்தையே வாங்கினான்.

இரண்டாவது கடை ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. முதலாளி வயதானவர். எங்களிடமிருந்த தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பின்னர்ப் பின்கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, முன்பாதி மட்டும் எஞ்சியிருந்த கார் ஒன்றைக் காட்டினார். மாத்தறைப் பக்கத்தில் ஓடிய கார். பின்னே லொறி மோதி நசுங்கியது. பின்மோதலில் முன்புறப் பைகள் விரிவதில்லையாதலால் இரண்டும் அப்படியே இருந்தன. செசித் தகடும் இருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய அடையாளமில்லை. இணைப்புகளிற் பச்சைக் களிம்போ துருவோ காணப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தீவையே நீரில் அமிழ்த்திய பின்னர், பழைய உதிரிப்பாகம் வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது இது. மாதிரிக் குறியீடு ஒத்தது. இரண்டு பைகளின் இலக்கங்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்தன. நிறங்கூட ஒத்தது. நண்பரின் முகத்தில் அன்று முதன்முறையாகச் சிரிப்பைக் கண்டேன்.

"விலையைப் பேசுவதற்கு முன்னர்த் தம்பியிடம் ஒரு வார்த்தை" என்று சொல்லி, அந்தக் காரின் செசி இலக்கத்தைப் பண்டாரவளைக்குத் தொலைபேசியில் வாசித்தார். ஜப்பானில் காரை உற்பத்தி செய்த கம்பெனி, செசி இலக்கத்தைக் கொண்டு, அந்தக் கார் குறைபாட்டின் பொருட்டு மீள அழைக்கப்பட்டதா, அழைக்கப்பட்டிருந்தால் வேலை முடிந்ததா என்பதை எவரும் பார்த்தறிய வசதி செய்துள்ளது. கால்மணி நேரத்தில் மறுமொழி வந்தது. முன்னாசனக் காற்றுப்பையின் வாயுக்கலம் மீள அழைக்கப்பட்ட வகை. அந்தக் காரில் அது மாற்றப்படவேயில்லை.

டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனியின் கதையை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதன் வாயுக்கலங்கள் பலவற்றில் எரிபொருளாக அமோனியம் நைட்ரேற்று இட்டிருந்தார்கள். உரவகையைச் சேர்ந்த அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் தோட்டத்துக் களஞ்சியத்தில் உரமூட்டை ஈரம் பிடித்துக் குணங்கெடுவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். பல ஆண்டுகள் வெப்பமும் ஈரமும் மாறிமாறித் தாக்க, அழுத்திச் செய்த வில்லைகள் உள்ளே நொறுங்கித் துகளாகும். துகள், வில்லையைக் காட்டிலும் விரைந்து எரியும். அவ்வேகத்தைத் தாங்காமல் உலோகக் கலமே வெடித்து, சிதறிய துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு, காக்கப்பட வேண்டியவரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். 2008 இல் தொடங்கிய மீளழைப்பு, அமெரிக்காவில் மாத்திரம் 67 மில்லியன் கலங்கள்வரை சென்றது. அங்கு 2024 வரை 28 பேரின் மரணம் உறுதிசெய்யப்பட்டது. மலேசியாவிலும் உயிர்கள் போயின. அந்நாட்டின் காற்று எங்கள் கரையோரத்துக் காற்றைப் போன்றதே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 2017 ஜூனில் கம்பெனி வங்குரோத்தாயிற்று. கம்பெனி போனாலும் கலங்கள் பழைய கார்களுக்குள்ளே கிடக்கின்றன.

ஆக, எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் மிகச் சரியாகப் பொருந்திய அந்தப் பைதான் ஒருபோதும் பொருத்தப்படக் கூடாத பை. மாத்தறைக் கடற்காற்றில் எத்தனை வெயிலையும் எத்தனை மழையையும் அது கண்டிருந்ததோ!

முதலாளிக்கு வருத்தந்தான், ஆனால் மறுத்துப் பேசவில்லை. "எனக்கும் இது தெரியாது சேர்" என்று சொல்லி, அந்தப் பையின் மேல் சிவப்பு மையால் ஒரு பெருக்கற்குறி இட்டார். அவர் விற்காமல் வைத்திருப்பாரா, நாங்கள் போனபின் துடைத்துவிடுவாரா என்பதை நான் அறியேன். அந்தக் குறியை அவர் எங்கள் முன்னிலையில் இட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கின்றேன். ஜப்பானில் 2005 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, காரை அழிக்கும்போது காற்றுப்பைகளை முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். அதற்குரிய பணத்தை உரிமையாளரே முன்கூட்டிச் செலுத்திவிடுகின்றார். இங்கே அந்தப் பொறுப்பு ஒரு முதியவரின் மைக்கோலில் நிற்கின்றது.

சாரதியின் பக்கத்துப் பை வேறு வகை. மீளழைப்பில் அது இல்லை. நண்பர் அதனையும், நாடாச்சுருளையும், கட்டுப்பாட்டுப் பெட்டியையும் வாங்குவதென முடிவு செய்தார். எனக்கு அதிற் சம்மதமில்லை. பதினைந்து ஆண்டு பழைய கலத்தை எதற்காக நம்ப வேண்டும்? 2024 ஜூலையில் அமெரிக்க நிருவாகம் விடுத்த எச்சரிக்கையொன்றையும் எடுத்துச் சொன்னேன். முன்பே மோதிய பழைய கார்களிற் பிற்பாடு மாற்றிப் பொருத்திய மட்டமான வாயுக்கலங்கள் வெடித்து, ஒன்பது மாதங்களில் மூவர் மாண்டனர், இருவர் கொடுங்காயமுற்றனர். "அவை எங்கே செய்தவையென்று தெரியாத போலிகள். இது காருடன் வந்தது, வந்த வழி கண்ணுக்குத் தெரிகிறது" என்றார் நண்பர். "அப்படியானால் இடப்பக்கத்துக்கும் இப்படி ஒன்று தேடலாமே?" என்று கேட்டேன். "என் நெஞ்சுக்கு எதிரே நான் வைப்பது என்னுடைய கணக்கு. பக்கத்தில் இருப்பவள் கணக்குப் பார்த்து ஏறுவதில்லை" என்றார். இடப்பக்கத்துக்குப் புதியதையே முகவரிடம் செசி இலக்கம் கொடுத்துத் தருவிப்பதென்று தீர்மானமாயிற்று. அது வரச் சில மாதங்கள் செல்லும். பணம் சேரவும் அவ்வளவு காலம் வேண்டும்.

பையைப் பஸ் வண்டியில் கொண்டுவரலாகாது என்பதால் காரின் பின்பெட்டியில், மூடி மேல்நோக்க, துணிச்சுருள்களுக்கு நடுவே அசையாமல் வைத்துக் கொண்டுவந்தோம். பண்டாரவளையில் மெக்கானிக் அதைப் பொருத்தினான். இடப்பக்கத்திலிருந்த அந்தப் போலித் தடையைப் பிடுங்கி எறிந்தான். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவில்லை. "இது இப்படி எரியும்வரை உங்கள் பக்கத்துப் பையையும் நம்பாதீர்கள் சேர். ஓரிடத்தில் பிழையென்றால் பெட்டி முழுவதையும் நிறுத்திவைக்கக் கூடும்" என்றான். மூன்று ஆண்டுகளில் அந்த விளக்கு முதன்முறையாக உண்மை பேசியது.

அவன் மேலும் ஒன்று சொன்னான். அதுவும் ஊவாவில் வாழ்வோர்க்கு உரியது. முன்புறக் காற்றுப்பை எதிர்மோதலுக்கென்றே செய்யப்பட்டது. எங்கள் பாதைகளில் அஞ்ச வேண்டியது மோதலைக் காட்டிலும் பள்ளம். 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டதை இப்பகுதியில் எவரும் மறந்திலர். உருண்டு விழும் வண்டியில் மனிதனை ஆசனத்தோடு பிடித்து வைப்பது பட்டி ஒன்றே. பட்டி கட்டாதவன் பை விரியும்போது அதற்கு மிக அருகே எறியப்பட்டு, அதனாலேயே காயமுறுவதும் உண்டு. முன்னாசனக்காரர் பட்டி அணிய வேண்டுமென்று 2011 முதல் சட்டம் இருக்கின்றது. பொலிஸ் நிற்கும் சந்தியில் அணிந்து, சந்தி கடந்ததும் கழற்றுவதும் எங்களிடையே இருக்கின்றது.

சென்ற வாரம் அவர்களோடு பெரகலைவரை சென்று திரும்பினேன். நண்பரின் மனைவியார் பின்னாசனத்தில், பட்டி அணிந்து, அதிருப்தியோடு அமர்ந்திருந்தார். மூடுபனி பாதையை முற்றாக மூடியிருந்தது. முன்பலகையில் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் துலக்கமாகத் தெரிந்தது.

"என்னங்க, கண்ணைக் குத்துகிறது. அந்த விளக்கை ஒரு துணி போட்டு மூடக் கூடாதா?" என்றார் அம்மையார்.

நண்பர் மறுமொழி சொல்லவில்லை. வளைவு வந்தது, ஹோர்னை அழுத்தினார். அப்பாலிருந்து ஒரு லொறி பதிலுக்கு ஒலித்தது.